என் குரலில் வந்த சாத்தான்

காலை பதினொன்று நாற்பதுக்கு எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. (எங்கள் சமையலறைக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும், ஆகவே பதினொன்று முப்பத்தைந்து என்பார் என் கணவர். அந்த ஐந்து நிமிடத்தால் என் குற்றம் குறைந்துவிடப் போவதில்லை என்பதால் நான் வாதாடுவதில்லை.) அந்த நேரத்தில் நான் கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். என் பதினைந்து வயது மகள் ஜெனி மொட்டை மாடி அறையில், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படி உட்கார வைத்தவள் நான். ஒரு மணிக்கு முன்னால் யார் கூப்பிட்டாலும் திறக்காதே என்று சொல்லிவைத்தவள் நான். சாத்தான் உன் அம்மாவின் குரலிலேயே வந்து கூப்பிடுவான், ஏமாந்துவிடாதே என்று எச்சரித்தவளும், ஆண்டவரே, நான்தான்.

செல்போனில் பாம்பு நெளிந்து விளையாடிய காலம் அது. நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் கணவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டாலையில் வேலை. ஒரே பிள்ளை. எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். பால் பொங்கினால்கூட 'இது எதற்கு அறிகுறியோ' என்று நிற்பவள். அப்படிப்பட்டவளின் மகள் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினால் என்ன ஆகும்? எனக்குத் தூக்கம் போனது. அவள் படிக்கிறாளா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன். பங்குத்தந்தை என்னைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க ஒரு மூணு நாள் எங்கயாவது போய் அமைதியா இருந்துட்டு வாங்களேன்" என்றார். (யாருடைய அமைதிக்காகச் சொன்னார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.)

அப்படித்தான் தவக்காலத் தொடக்கத்தில், ஊத்துக்கோட்டைப் பக்கம் மாந்தோப்புக்குள் இருந்த சிறிய துறவு மடத்துக்குத் தியானத்துக்குப் போனேன். பேசியவர் இளம் துறவி. ஜலதோஷம் பிடித்து, கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். பழங்காலத்தில் பாலைவனத்தில் தனித்தனிச் சிற்றறைகளில் வாழ்ந்த துறவிகளைப் பற்றிச் சொன்னார். அவர்களுக்குப் பெரிய சோதனை பெண்ணோ பொன்னோ இல்லையாம். நண்பகல் பேய் என்று ஒன்றாம். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் வரும். வந்தால் துறவிக்குப் புத்தகத்தில் மனம் நிற்காது. சன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். சூரியன் எவ்வளவு நகர்ந்திருக்கிறது, சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவார். யாராவது பார்க்க வரமாட்டார்களா என்று வாசலுக்கு வருவார். மறுபடி உட்காருவார். இரண்டு வரி படித்துவிட்டு, இன்னும் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்ப்பார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மகளை இந்த மனிதர் எங்கே பார்த்தார்?

"அதற்கு ஒரே மருந்து, அறையைவிட்டு வெளியே வராமல் இருப்பது. அந்த அறையே உனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கும் என்பார்கள்" என்றார் துறவி, மூக்கைத் துடைத்தபடி. நான் நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். மூன்றாம் நாள் பிற்பகல் பேச்சின் தலைப்பு 'அளவறிதல்' என்று பலகையில் எழுதியிருந்தது. எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டதால் அதற்கு இருக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை உண்டு. கிறிஸ்துமஸ் குடில் சாமான்கள் வைக்கும் அறை. அதைக் காலி செய்தேன். ஆட்டுக்குட்டிகளும் இடையர்களும் ஒட்டகம் ஒன்றும் ஒரு மூலைக்குப் போக, மேசை நாற்காலி வந்தது. சன்னல் கதவுகளைச் சாத்தி, கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டினேன். (எட்டிப் பார்க்கும் சோதனை.) கதவைப் பற்றிக் கவலையில்லை. இரும்பு ஆலையில் வேலை செய்பவர் வீட்டுக் கதவு எப்படியிருக்கும்? கனத்த இரும்புத் தகட்டில் என் கணவர் தாமே முன்னின்று பற்றவைத்தது. யானை முட்டினாலும் அசையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுவார்.

எனக்கும் விதிகள் வைத்துக்கொண்டேன். பத்து முதல் ஒரு மணி வரை மாடி ஏறுவதில்லை. அவளை நினைப்பதுகூட இல்லை. உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் வரை அவளைத் திட்டுவதில்லை என்று குடும்ப ஜெபத்தில் சத்தியம் செய்தேன். என் கணவர் அப்போது தலையைக் குனிந்துகொண்டார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது.

"ஆஸ்பெஸ்டாஸ் ரூம்ல மார்ச் மாசம் புள்ளையப் போடறியே, வெந்துடப் போறா" என்றார் பிறகு.

"பாலைவனத்துல மட்டும் ஏசியா இருந்துச்சு?" என்றேன்.

தேர்வுக்கு முன்பான விடுமுறை. நானும் பள்ளிக்கு விடுப்புப் போட்டிருந்தேன். முதல் இரண்டு நாள் அற்புதமாகப் போனது. மூன்றாம் நாள்தான் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன். பஜ்ஜி போட்டேன். எண்ணெய் வாசத்தில் என் விதிகளெல்லாம் மறந்து, பழக்கதோஷத்தில் மாடியைப் பார்த்து, "ஜெனீ! சூடா பஜ்ஜி, வா!" என்று குரல் கொடுத்துவிட்டேன். மணி பதினொன்றரை. நான்கு நான்கு படியாகத் தாவி வந்து நின்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்ததும் என் மானம் விழித்துக்கொண்டது. நான் வைத்த விதியை நானே உடைத்தேன் என்று பதினைந்து வயதுப் பெண்ணிடம் எப்படி ஒப்புக்கொள்வது?

"நான் கூப்பிடலையே" என்றேன்.

"கூப்ட்டீங்கம்மா. பஜ்ஜின்னீங்க."

"நான் கூப்பிடலை. அதான் சாத்தான். அம்மா குரல்லயே வந்து கூப்ட்டு உன்னை வெளிய இழுத்துட்டான் பாத்தியா."

அவள் பஜ்ஜித் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பி ஏறிப் போனாள். (பஜ்ஜியை மாலையில் ஆறிப்போனதாகத் தின்றாள். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.)

ஒரு பொய்யை நிற்க வைக்கப் பத்து பொய் முட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கு அந்தச் சிரமமும் இல்லை. மடத்தில் கேட்ட கதையே போதுமானதாக இருந்தது. பழைய துறவி ஒருவரைச் சாத்தான் எப்படியெல்லாம் அறையைவிட்டு வெளியே வரவைக்கப் பார்த்தான் என்று அன்றிரவு சோறு பிசைந்துகொண்டே அவளுக்கு விளக்கினேன். கூட்டம் கூட்டமாக ஆட்கள் கத்திக்கொண்டு ஓடுவதுபோலச் சத்தம் கேட்கும். நாய்களெல்லாம் குரைக்கும். கதவை இடிக்கும் ஓசை வரும். சகிக்க முடியாத நாற்றம் அடிக்கும். தெரிந்தவர் குரலில் அழும், கெஞ்சும். நமக்கு மட்டுமே தெரிந்த ரகசியங்களையெல்லாம் சொல்லும். "எதுக்கும் அசையாம உக்காந்திருந்தா, அதுவே தோத்து ஓடிடும்" என்று முடித்தேன்.

"நாத்தம்கூட வருமாம்மா?"

"வரும்."

ஜெனி சோற்றைப் பார்த்தபடி மெதுவாகத் தலையாட்டினாள். எதையும் லேசில் நம்பாத பெண். அன்று நம்பினாள். ஏனென்றால் பெற்ற தாய் பஜ்ஜி விஷயத்தில் பொய் சொல்லமாட்டாள் என்று நம்பினாள்.

அதற்கு மூன்று நாள் கழித்து, அந்தச் சனிக்கிழமை, வாழைக்காய் பாதி சீவியிருந்தபோது எங்கோ சைரன் ஊதியது. சிப்காட் பக்கம் எப்போதும் ஏதாவது ஊதும், நான் கண்டுகொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் குமாரி பின்கதவு வழியாகப் பாய்ந்து வந்தாள். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு இட்லி அவித்து விற்பவள். கையில் இட்லித் துணி, கண்ணெல்லாம் சிவப்பு.

"டீச்சர்! இன்னா இன்னும் காய் நறுக்கிக்கினு கீற? எறா கம்பெனில ஐஸ் மிஷின் காஸ் புட்டுக்கிச்சாம்! வா வெளிய!"

"யாரு சொன்னது?"

"மூக்கு சொல்லுது! உனுக்கு மூக்கு கீதா இல்லியா?"

அப்போதுதான் உணர்ந்தேன். மூக்கில் ஊசி ஏற்றியதுபோன்ற நெடி. இருபது வருடம் ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளை எட்ட நின்று முகரச் சொன்ன நெடி. அமோனியா. தெருவில் சனம் ஓடியது. இரும்பு ஆலைகளுக்கு வந்த வடநாட்டுப் பையன்கள், குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள், ஒரு மாடு, அதற்குப் பின்னால் தெருநாய்கள் அத்தனையும். குமாரியின் கணவர் பலராமன் தன் ஷேர் ஆட்டோவை உறுமவிட்டபடி கத்தினார்: "ஏறு டீச்சர்! பேஜாரு பண்ணாத, ஏறு!"

நான் உள்ளே ஓடினேன். பீரோவைத் திறந்தேன். பச்சை ஃபைலை எடுத்துக்கொண்டேன். பட்டம், பணி நியமன ஆணை, வீட்டுப் பத்திரம், முந்தின நாள் பள்ளியில் கொடுத்திருந்த ஜெனியின் ஹால் டிக்கெட், எல்லாம் அதில் இருந்தன. ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோ கிளம்பியது.

ஆம். இதைப் படிக்கும் நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்களோ, அதைத்தான் நான் இத்தனை வருடங்களாக விடியற்காலைகளில் விழித்துக்கொண்டு நினைக்கிறேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். குமாரி என் பக்கம் திரும்பி, "ஜெனி பாப்பா எங்க டீச்சர்?" என்றாள்.

"இதோ" என்று ஃபைலைத் தட்டிக் காட்டினேன்.

குமாரி ஃபைலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஃபைலைத் திறந்தேன். ஹால் டிக்கெட்டில் இரட்டைச் சடையும் எண்ணெய் வழிந்த நெற்றியுமாக என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து முதல் ஒரு மணி வரை அவளை நினைக்கமாட்டேன் என்ற விதியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறேன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செருப்பு ஆட்டோவிலேயே தங்கிவிட்டது, ஃபைல் மட்டும் கையில் இருந்தது. ஓடி வருகிற கூட்டத்துக்கு எதிராக அரைக் கிலோமீட்டர் ஓடினேன். யாரோ "அந்தப் பக்கம் போவாத மா!" என்று கையைப் பிடித்தார்கள். கடித்தேன் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரே பாடம் தலைக்குள் ஓடியது. வருடாவருடம் நான் கரும்பலகையில் எழுதிப் போடும் பாடம்: அமோனியா காற்றைவிட லேசானது. மேலே ஏறும். மேலே ஏறும். அறையை நான் எங்கே வைத்திருந்தேன்? மேலே.

வீட்டுக்குள் பாய்ந்து, ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு படியேறிக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"ஜெனீ! கதவத் திற! அமோனியா லீக் ஆகுது! வெளிய வா!"

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு மெல்லிய குரல் கேட்டது.

"யாரு?"

"யாரா? உன் அம்மாடி!"

"எங்க அம்மா ஒரு மணி வரைக்கும் மாடி ஏறமாட்டாங்க."

"ஜெனி, விளையாடாத. தெருவே காலியாயிட்டிருக்கு. சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சு. ஆளுங்க கத்தினாங்க. நாய்ங்க கொலச்சுது. அதெல்லாம் வரும்னு எங்க அம்மா ஏற்கெனவே சொல்லிட்டாங்க."

"நாத்தம் வருதா இல்லையாடி?"

"வருது. அதையும் சொன்னாங்க."

நான் படித்த படிப்பெல்லாம் துணைக்கு வந்தது. "நான் கெமிஸ்ட்ரி டீச்சர்டி! அமோனியா நிறமில்லாத வாயு, நெடியுள்ளது, தண்ணியில நல்லா கரையும். சாத்தானுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அது புக்லயே இருக்கு."

"நாலாங்கிளாஸ்ல நீ டீச்சரோட பேனாவ எடுத்துட்டு வந்து, நான்தான் ரகசியமா திருப்பி வச்சேன். வேற யாருக்குத் தெரியும்?"

"ரகசியமெல்லாம் சொல்லும்னாங்க."

இருமல் வந்தது. எனக்கு அல்ல, உள்ளே அவளுக்கு. அதைக் கேட்டதும் என் பொறுமை அறுந்தது. "எருமை மாடே! உயிர் போகப்போகுதுடி தடிக்கழுத! திறக்கப்போறியா இல்லையா?"

"எங்க அம்மா ஈஸ்டர் வரைக்கும் திட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்காங்க" என்றது குரல், இப்போது முழு நிச்சயத்துடன்.

குரலை மாற்றினேன். கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "கண்ணு. என் தங்கமே. அம்மா சொன்னா கேப்பல்ல? வாடா தங்கம்" என்றேன்.

"எங்க அம்மா என்னைத் தங்கம்னு கூப்ட்டதே இல்ல" என்றாள்.

அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. ஒரு தகவலைப்போலச் சொன்னாள். அமோனியா சுட்டதைவிட அது சுட்டது.

கடைசி ஆயுதமாக ஹால் டிக்கெட்டைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். "இதப் பாரு! உன் ஹால் டிக்கெட்! பீரோச் சாவி யார்கிட்ட இருக்கும்?" காகிதம் உள்ளே போயிற்று. நம்பிக்கையோடு காத்திருந்தேன். இரண்டு நொடியில் அது அதே வழியாகத் திரும்பி வந்தது. அவள் சத்தமாக ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். பத்துப் பத்தாக, இருமலுக்கு நடுவே, ஒரு மணியும் விடாமல். அந்த ஜெபத்தை அவளுக்கு மழலையில் சொல்லிக்கொடுத்ததும் நான்.

கீழே ஓடி அம்மிக் குழவியைத் தூக்கி வந்தேன். இரும்புக் கதவில் மோதினேன். என் கணவர் பெருமைப்பட்டது வீண்போகவில்லை. கதவில் ஒரு குழி விழுந்தது, அவ்வளவுதான். சன்னலைப் பார்த்தேன். சுவருக்கு வெளிப்பக்கம், பிடிக்க ஒன்றும் இல்லாமல், இரண்டு மாடி உயரத்தில் செங்குத்தாக இருந்தது. குழவி கையைவிட்டு நழுவி என் கால் கட்டை விரலில் விழுந்தது. (அந்த நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது.) உள்ளேயிருந்து, இடிச் சத்தத்தைக் கேட்டு, ஜெபம் இன்னும் உரக்க வந்தது.

கத்த முடியவில்லை. நெடியில் குரல் போய்விட்டது. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் ரயில் மட்டும் போயிற்று. ஜெபம் செய்ய நினைத்தேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. இவள் செத்துப்போனால் என் பேச்சைக் கேட்டுச் செத்தாள் என்று கல்லறையில் எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இனி இந்த இடத்தைவிட்டு நான் நகரப்போவதில்லை என்பது தெளிவாக இருந்தது. அது துணிச்சல் அல்ல. வேறு எங்கும் போய் என்ன செய்வது என்று தெரியாததுதான். ஈரத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகியது. நான் மல்லாந்து அறைக்குள் விழுந்தேன். தலைக்கு மேலே, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணீர் வழியும் சிவந்த கண்களோடு ஜெனி நின்றாள். என்னைக் கண்டதும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"அம்மா! வந்துட்டீங்களா? சாத்தான் வந்தான்மா! அரை மணி நேரம் கத்தினான், கெஞ்சினான், இடிச்சான். நான் திறக்கவே இல்ல. இப்பதான் தோத்து ஓடினான். உங்ககிட்ட சொல்லத்தான் கீழ வர்றேன்!"

அவ்வளவு பெருமை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் அந்த முகத்தை நான் பார்த்திருக்கமாட்டேன்.

பதில் சொல்ல நேரமில்லை. தண்ணீர்த் தொட்டியில் துண்டையும் அவள் துப்பட்டாவையும் முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு இருவரும் இறங்கினோம். காற்று கடல் பக்கத்திலிருந்து வீசியது. அதற்குக் குறுக்கே, வெறிச்சோடிய தெருக்கள் வழியாக, கவரைப்பேட்டைச் சாலைப் பக்கம் நடந்தோம். என்னால் ஓட முடியவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். மூன்று தெரு தாண்டி நெடி குறைந்த பிறகு, நடந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப கதவத் தட்டினது நீங்கதானா?"

"ஆமா."

"எருமை மாடுன்னது?"

"நான்தான்."

மறு கையால் முகத்துத் துப்பட்டாவை இறக்கிவிட்டாள்.

"அன்னிக்குப் பஜ்ஜிக்குக் கூப்ட்டது யாரு?"

பொய் சொல்ல எனக்கு மூச்சு மிச்சமில்லை. "அதுவும் நான்தான்டி" என்றேன்.

என் கையை விட்டாள். பத்தடி தள்ளி நடந்தாள். பிறகு என் காலிலிருந்து ரத்தம் வருவதைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்தாள். கையைப் பிடிக்கவில்லை. என் ஈரத்துண்டின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே, மாட்டைப் பிடித்துப் போவதுபோல, என்னை நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்த பள்ளி மைதானத்துக்கு இழுத்துப் போனாள்.

அன்று யாரும் சாகவில்லை. சிலருக்குக் கண் எரிச்சல், சிலருக்கு மூச்சுத்திணறல், மருத்துவமனையில் ஒரு நாள் இருந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரு வாரம் தொண்டை கரகரத்தது. ஜெனி தேர்வு எழுதினாள், நன்றாகவே தேறினாள். அந்த அறை அவளுக்கு என்ன கற்றுக்கொடுத்ததோ தெரியாது. நான் மடத்துத் துறவிக்கு நான்கு பக்கத்தில், செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு, பாவசங்கீர்த்தனம்போல ஒரு கடிதம் எழுதினேன். பதிலாக ஓர் அஞ்சலட்டை வந்தது. என் மகளுக்காக ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் பிற்பகல், 'அளவறிதல்' பேச்சுக்கு, நான் ஏன் இல்லை என்று மட்டும் கேட்டிருந்தார். அந்த மடத்துக்கு அதற்குப் பிறகு ஆறு முறை போயிருக்கிறேன். கடைசிப் பேச்சு முடிந்து பெஞ்சுகளை அடுக்கும்வரை கிளம்புவதில்லை.

அந்தத் துறவிகள் சொன்னது பொய்யில்லை, இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். சிற்றறைக்குள் போக வேண்டியவள் நான், அனுப்பியதோ அவளை. உட்கார முடியாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தது எந்தப் பேய், யாருக்குள் இருந்தது என்று எனக்கு இப்போது தெரியும்.

எங்கள் வீட்டில் இன்று எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக்குக்கூட. விருந்தினர்கள் பாடிக்கொண்டே குளிக்கிறார்கள். ஜெனிக்குக் கல்யாணமாகி ஹைதராபாத்தில் இருக்கிறாள். நான் போன் செய்தால் எடுத்ததும், "யார் பேசறது, நிஜ அம்மாவா, மத்ததா?" என்பாள். அவள் கணவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நான் 'தங்கம்' என்று கூப்பிட்டால், "ஐயோ, அது வந்துடுச்சுங்க!" என்று அவரிடம் கத்துவாள். குடும்பமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு, போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை மைதானத்துக்குக் கடைசியாக வந்தவர் என் கணவர். மைதானத்தில் நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றே கால் இருக்கும். குமாரி ஆட்டோவிலிருந்தே அவருக்குப் போன் போட்டு, "டீச்சர் பாப்பாவத் தேடிக்கினு திரும்பிப் போச்சுண்ணே, இன்னும் வரல" என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஆலையிலிருந்து நேராக வீட்டுக்கு ஓடியிருக்கிறார். மாடிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. வாசலில் குழவி, தரையில் ரத்தம், அதன்மேல் மிதிபட்ட ஹால் டிக்கெட். அந்த அறையில் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவர் இதுவரை சொன்னதில்லை.

தலையில் ஆலையின் மஞ்சள் தொப்பி, முகமெல்லாம் புகைக்கரி, கண் இரண்டும் பழுத்திருந்தன. குமாரி பாதி வழியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் கைகளை ஆட்டிச் சொல்லியபடி வந்தாள். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை. நேராக ஜெனியிடம் போனார். மண்டியிட்டு உட்கார்ந்தார். அவள் தலை, காது, கை விரல்கள் எல்லாவற்றையும் கரி படிந்த கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அன்று எந்தத் திட்டையும் வாங்கத் தயாராக இருந்தேன்.

அவர் மகளிடம் சொன்னார்: "இதோ பாரும்மா. இனிமே யாரு கூப்ட்டாலும், எந்தக் கொரல்ல கூப்ட்டாலும், சாத்தானே வந்து கூப்ட்டாலும், மொதல்ல வெளிய வந்துடு. யாருன்னு அப்பறமா பாத்துக்கலாம்."